வழி சொல்லும் உத்தியோகம்



வேலை தேடுகிறவர்களுக்கு வேலை சொல்லும் வேலை என்று ஒன்று இருக்கிறது, தெரியுமோ? கல்யாணத் தரகர் காரியம் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். தரகருக்கு இரண்டு பக்கமும் கமிஷன் உண்டு. இந்த உத்தியோகத்தில் அது கிடையாது. "இந்தப் படிப்பில் சேர்ந்துவிடு" என்று வந்தவரைப் பிடித்துத் தள்ளினால், அது உத்தியோக தர்மத்துக்கே விரோதம். வந்தவர் பேச வேண்டும். உட்கார்ந்திருப்பவர் காது கொடுக்க வேண்டும். பேசி முடித்த பிற்பாடு, போகிற வழியைப் போகிறவரே தீர்மானிக்க வேண்டும். இதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

வைத்திருக்கிறார்கள். அயர்லாந்தில் ஜில்லாவுக்கு ஜில்லா வைத்திருக்கிறார்கள். இந்த வாரம் அந்த உத்தியோகத்தைப் பற்றியும், அது நடக்கிற ஸ்தாபனங்களுக்குத் தலைமை வகிக்கும் உத்தியோகத்தைப் பற்றியும் பேசலாம் என்றிருக்கிறேன். "ஏன் இவ்வளவு தூரம் அழைத்துப் போகிறாய்?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. பாதியில் படிப்பை விட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போன பெண்கள், பிள்ளைகள் தலையெடுத்த பிறகு மறுபடி பள்ளிக்கூட வாசல் மிதித்த கதை அந்த நாட்டில் ஆயிரம் ஆயிரமாக இருக்கிறது. அவர்களுக்கு வாசல் எது என்று காட்டியவர்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1930-இல் அயர்லாந்து சர்க்கார் தொழிற்கல்விச் சட்டம் ஒன்று செய்தது. நாடு முழுவதும் 38 தொழிற்கல்விக் கமிட்டிகள் ஏற்பட்டன. அவை நடத்திய பள்ளிக்கூடங்களை ஜனங்கள் செல்லமாகவும் கொஞ்சம் இளக்காரமாகவும் 'டெக்' என்று கூப்பிட்டார்கள். பையன்களுக்குத் தச்சு வேலையும் இரும்பு வேலையும். பெண்களுக்குச் சமையல், தையல், அதற்கு மேல் போனால் சுருக்கெழுத்து, டைப். கௌரவமான படிப்பு என்றால் பாதிரிமாரும் கன்னிமாடத்தாரும் நடத்திய உயர்தரப் பள்ளிகளில்தான். அதற்குச் சம்பளம் கட்ட வேண்டும். டெக் பள்ளிகள் அந்த உயர்தரப் பள்ளிகளோடு போட்டிக்கு வராது என்று அப்போதைய கல்வி மந்திரி ஒரு பிஷப்புக்குக் கடிதமே எழுதி உறுதி சொன்னார். பிறக்கும்போதே குழந்தையின் நெற்றியில் 'இரண்டாந்தரம்' என்று எழுதி ஒட்டியது போல ஆயிற்று. உயர்தரப் பள்ளியில் சம்பளம் இல்லாத படிப்பு, டோனோ ஓமாலி என்ற மந்திரியின் துணிச்சலால், 1967-இல்தான் வந்தது.

இதற்கு நடுவில் பெண்களுக்கு மட்டும் தனியாக ஒரு பூட்டு. கல்யாணம் ஆனால் உத்தியோகத்தை விட்டுவிட வேண்டும்! ஆரம்பப் பள்ளி ஆசிரியைகளுக்கு இந்த விதி 1934-இல் வந்து 1958-இல் போயிற்று. சர்க்கார் ஆபீஸ்களில் 1973 வரைக்கும் இருந்தது. தாலிக்கு ஒப்பான மோதிரம் விரலில் ஏறியதும், ராஜிநாமாக் கடிதமும் கூடவே போக வேண்டும். நல்ல மூளை, நல்ல கையெழுத்து, கணக்கில் புலி – எல்லாம் சேர்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவப் போயிற்று. (உருளைக்கிழங்கைக் குறைவாகச் சொல்லவில்லை. அயர்லாந்துக்காரர்கள் கோபித்துக் கொள்வார்கள்.)

1980-களில் இந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. மாதா கோயில் மண்டபத்திலும், பேட்டை சங்கத்திலும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் காலை நேரத்தில் கூடி வகுப்பு வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள், மற்றவர்கள் படிப்பார்கள். எழுதப் படிக்கத் தடுமாறும் பெரியவர்களுக்காக வேலை செய்யும் தேசிய சங்கமும் 1980-இல் ஏற்பட்டது. இந்த இரண்டிலும் சம்பளம் இல்லாமல் சொல்லிக் கொடுத்தவர்கள் அநேகம் பேர். அவர்களில் சிலர்தான் பிற்பாடு ஒருங்கிணைப்பாளராகவும், முதியோர் கல்வி அதிகாரியாகவும், டைரக்டராகவும் படியேறினார்கள். அதனால்தான் அந்த நாட்டில் இந்தத் துறைக்கு ஒரு தனி வாசனை இருக்கிறது. மேலே இருந்து ஆணை போட்டு மட்டும் உண்டானதல்ல.

இப்போது சட்டதிட்டமெல்லாம் மாறிவிட்டது. 2013 ஜூலை மாதம் முதல் தேதி, அப்போது பாக்கி இருந்த 33 கமிட்டிகளையும் ஒன்றோடொன்று சேர்த்து 16 'கல்வி, பயிற்சி வாரியங்கள்' ஆக்கினார்கள். அதே வருஷம் அக்டோபரில் 'சோலாஸ்' என்ற தலைமை ஸ்தாபனம் பிறந்தது. ஐரிஷ் மொழியில் சோலாஸ் என்றால் வெளிச்சம். பணம் பகிர்ந்து கொடுப்பதும், திட்டம் போடுவதும், எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று கணக்குக் கேட்பதும் அதன் வேலை. 2020-இல் இந்தப் படிப்புகளுக்கும் பல்கலைக் கழகங்களுக்கும் சேர்த்துத் தனி மந்திரி இலாகாவே ஏற்படுத்திவிட்டார்கள். வருஷத்துக்குச் சுமார் 2 லட்சம் பேர் இந்தப் படிப்புகளில் சேருகிறார்கள். நாட்டு ஜனத்தொகையே 50 லட்சத்துக்குச் சற்று மேல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய குடும்பம் என்று தெரியும்.

என்ன படிப்பு? எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எழுத்து. வேலை இழந்தவருக்குப் புதுத் தொழில். பள்ளியைப் பாதியில் விட்ட 15 வயதுப் பிள்ளைக்கு 'யூத்ரீச்' என்ற தனி ஏற்பாடு. உயர்தரப் பள்ளி முடித்தும் பல்கலைக் கழகத்துக்கு மார்க் போதாதவருக்கு ஒரு வருஷப் படிப்பு. இத்தனையையும் பத்துப் படிகளாக அடுக்கி, விசிறி மாதிரி ஒரு படம் போட்டு, 2003-இல் வெளியிட்டார்கள். விசிறியின் ஒவ்வொரு மடிப்பும் ஒரு நிறம். அடி மடிப்பு எழுத்தறிவு. பத்தாவது மடிப்பு டாக்டர் பட்டம். ஐந்தும் ஆறும்தான் நாம் பேசுகிற கல்லூரிகளின் சொந்த இடம். அங்கிருந்து ஏழு, எட்டு என்று பட்டப் படிப்புக்குப் போக வழி உண்டு. ஆனால் வழி இருப்பது வேறு, வழி இருக்கிறது என்று தெரிவது வேறு அல்லவா? அங்கேதான் நம் உத்தியோகஸ்தர் வருகிறார்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். மேற்குக் கரையில் மேயோ ஜில்லா. காசில்பார் என்ற சின்னப் பட்டணம். வாரியத்தின் ஆலோசனை அறை. 46 வயதுப் பெண்மணி ஒருத்தி வந்து உட்காருகிறாள். கைப்பையை மடியிலிருந்து கீழே வைக்கவில்லை. "மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் படிப்பு இருக்கிறதாமே, அதில் சேரலாமா என்று கேட்க வந்தேன்" என்கிறாள். சுலபமான கேள்வி. விண்ணப்பத் தாளை நீட்டி, "இங்கே கையெழுத்துப் போடு" என்றால் ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்தது. கல்லூரியில் ஓர் இடம் நிரம்பியது. கணக்கிலும் ஒரு தலை கூடியது.

நல்ல வழிகாட்டி அப்படிச் செய்ய மாட்டார். தேநீர் வேண்டுமா என்பார். இப்போது என்ன செய்கிறீர்கள் என்பார். பேச்சு வளரும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் 14 வயதில் பள்ளியை விட்டது வரும். மாமியாரை ஏழு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தது வரும். மருந்து அளவு, வேளை, வைத்தியரிடம் என்ன சொல்வது – எல்லாம் அத்துபடி. அரை மணி கழித்து, மடியில் இருந்த கைப்பை நாற்காலிக்குக் கீழே போகும். அப்புறம்தான் உண்மையான விஷயம் வாயில் வரும்: "எனக்கு எழுத்துக் கூட்டி எழுத வராது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தாள் பூர்த்தி செய்ய வேண்டியிருந்தால் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அந்த உத்தியோகம் இருக்கிறது என்பேன் நான். 2012-இல் பல நாடுகளில் சேர்ந்து நடத்திய பரீட்சையில், அயர்லாந்தில் பெரியவர்களில் சுமார் ஆறில் ஒருவருக்கு எழுத்தறிவு மிகக் குறைவாக இருப்பதாகத் தெரிந்தது. அத்தனை பேரும் கண்ணாடியை மறந்தவர்கள்தான்! பல்கலைக் கழகங்கள் நிறைந்த ஊர், நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர்கள் பிறந்த ஊர். அங்கேயே இப்படி.

இனி வழிகாட்டி என்ன செய்வார்? படிப்பில் சேர வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். சேர் என்றும் அவசரப்படுத்த மாட்டார். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் எழுத்தறிவு வகுப்பு இருக்கிறது, காசு கிடையாது, வெளியே ஒருவருக்கும் சொல்ல மாட்டார்கள் என்பார். அதற்கு அடுத்து, அரை நாள் படிப்பாகச் சில பாடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பார். 2002 முதல் இருக்கிற 'மீண்டும் கல்விக்கு' என்ற திட்டத்தில் வாரத்துக்கு 17 மணி நேரம் வரை படிக்கலாம்; பிள்ளை வீட்டுக்கு வருமுன் வீடு திரும்பிவிடலாம். அது முடிந்த பிற்பாடு ஐந்தாம் படி. மாமியாருக்குச் செய்த ஏழு வருஷ சேவையை அனுபவமாக எப்படி எழுதிக் காட்டுவது என்பதையும் சொல்லிக் கொடுப்பார். எல்லாவற்றையும் ஒரு தாளில், பெரிய எழுத்தில், சின்ன வாக்கியத்தில் எழுதிக் கொடுப்பார். அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்வார்.

பணம்? அதுவும் அவர் தலையில்தான். படிக்கப் போனால் கணவனுக்கு வரும் உதவித் தொகை குறையுமா, வைத்திய அட்டை பறி போகுமா – இந்தப் பயத்தில் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறவர்கள் எத்தனை பேர்! 1989-இல் தொடங்கிய ஒரு நல்ல திட்டம் 21 வயதுக்கு மேல் வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு உதவித் தொகையோடு படிப்பும் கொடுத்தது. ஆனால் அதற்கு ஆறு மாதமாவது சர்க்கார் உதவி வாங்கியிருக்க வேண்டும். வீட்டு வேலை பார்த்துக்கொண்டு ஒரு புஸ்தகத்திலும் பெயர் பதியாத குடும்ப ஸ்திரீக்கு? 'வேலையில்லாதவள்' என்ற பட்டம்கூட அவளுக்குக் கிடையாது! காலை ஐந்து மணி முதல் ராத்திரி பத்து மணி வரை வேலை செய்கிறவளுக்கு, வேலை இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார்கள், இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள். அந்நாட்டுப் பெண்கள் சங்கங்கள் இதை வெகு காலமாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு போயின. இப்படிச் சட்டத்தின் இடுக்குகளில் விழுந்தவர்களுக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தேடிப் பார்ப்பதும் வழிகாட்டியின் வேலையில் பெரிய பங்கு.

இந்த முதியோர் வழிகாட்டும் திட்டம் 1999-இல் சில இடங்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. 2000-இல் சர்க்கார் முதியோர் கல்வி பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அதிலிருந்து நாடு முழுவதும் பரவியது. வழிகாட்டிகளுக்கு வழி காட்ட 1995 முதலே டப்ளினில் ஒரு தேசிய நிலையம் இருக்கிறது.

சரி, இந்த உத்தியோகத்துக்கு என்ன படித்திருக்க வேண்டும்? "எனக்குப் பேச்சு நன்றாக வரும், நாலு பேருக்கு யோசனை சொல்லுவேன்" என்றால் போதாது. அப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். எல்லோரும் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன படிப்பு என்று தீர்மானித்து வைத்திருப்பார்கள்! முதலில் ஒரு பட்டம் வேண்டும். அதன் மேல் வழிகாட்டும் ஆலோசனைக்கென்றே உள்ள மேற்படிப்பு. மேனூத், லிமரிக், டப்ளின் சிட்டி ஆகிய பல்கலைக் கழகங்களில் இருக்கிறது. மேனூத்தில் பெரியவர்களுக்கு வழி காட்டுவதற்கென்றே தனிப் படிப்பு. எந்தப் படிப்பு செல்லும், எது செல்லாது என்பதற்குக் கல்வி இலாகா 2016-இல் ஒரு விதிமுறை வகுத்தது. அதில் மனோதத்துவம் உண்டு. பரீட்சை கொடுத்து ஒருவருடைய நாட்டத்தைக் கணிக்கும் முறை உண்டு. எந்தத் தொழிலுக்கு எங்கே கிராக்கி என்று கணக்குப் பார்ப்பதும் உண்டு. எல்லாவற்றையும்விடக் கஷ்டமான பாடம் ஒன்று: வாயை மூடிக்கொண்டு கேட்பது. அனுபவசாலி ஒருவரின் கண்காணிப்பில் ஆலோசனை சொல்லிப் பழக வேண்டும். உத்தியோகத்தில் அமர்ந்த பிறகும், கேட்ட துக்கங்களை இறக்கிவைத்து யோசிக்க, அவ்வப்போது ஒரு மேற்பார்வையாளரோடு உட்காருவது வழக்கம். நியாயம்தானே! ஊர்ச் சுமையெல்லாம் சுமக்கிற தோளுக்கும் ஒரு சுமைதாங்கி வேண்டாமா?

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்த டெக் பள்ளிகளின் வாரிசுகளை இன்னும் இளக்காரமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. அயர்லாந்துப் பெற்றோருக்கு, உயர்தரப் படிப்பின் கடைசியில் வரும் பரீட்சை என்றால் காய்ச்சலே வந்துவிடும். மார்க்குகளைப் புள்ளிகளாக மாற்றி, மொத்தம் 625-க்கு எவ்வளவு என்று கூட்டி, அதை வைத்துத்தான் பல்கலைக் கழகத்தில் இடம். ஆகஸ்டு மாதத்தில் அந்த வீடுகளில் புள்ளிப் பேச்சைத் தவிர வேறு பேச்சே கிடையாது. புள்ளி குறைந்த பிள்ளை 'வேறு வழியில்லாமல்' பக்கத்துக் கல்லூரிக்குப் போகிறது என்று தாயார் குரலைத் தாழ்த்திச் சொல்வாள்.

அந்தத் தாய்மார்களுக்கு நோரா டூமி என்ற பெண்மணியின் பெயரைச் சொல்ல வேண்டும். கார்க் பட்டணத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பள்ளியை விட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பிற்பாடு டப்ளினில் பாலிஃபெர்மட் என்ற தொழிலாளர் பேட்டையில் உள்ள கல்லூரியில் சித்திரங்களை அசைய வைக்கும் கலையைப் படித்தார். பல்கலைக் கழகமல்ல, நாம் பேசிக்கொண்டிருக்கிற ரகக் கல்லூரிதான். அங்கே படித்தவர்கள் சேர்ந்து கில்கென்னியில் தொடங்கிய 'கார்ட்டூன் சலூன்' கம்பெனியில் அவரும் முக்கியமானவர். ஆப்கானிஸ்தானத்தில் தகப்பனார் சிறைப்பட்ட பிறகு, ஆண்பிள்ளை வேஷம் போட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஒரு சிறுமியைப் பற்றி 2017-இல் அவர் டைரக்ட் செய்த படம் ஆஸ்கர் பரிசுக்கான இறுதிப் பட்டியல் வரை போயிற்று. பாலிஃபெர்மட் வாசல் தெரியாமல் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசியுங்கள்.

இனித் தலைமை உத்தியோகத்துக்கு வருவோம். ஒவ்வொரு வாரியத்துக்கும் ஒரு தலைமை நிர்வாகி. அவருக்குக் கீழே டைரக்டர்கள். பள்ளிகளுக்கு ஒருவர், ஆபீஸ் நிர்வாகத்துக்கு ஒருவர், நாம் பேசுகிற தொடர்கல்விக்கு ஒருவர். அதற்கும் கீழே கல்லூரி பிரின்ஸிபால்கள், பயிற்சி நிலைய மானேஜர்கள், முதியோர் கல்வி அதிகாரிகள், எழுத்தறிவு அமைப்பாளர்கள், வழிகாட்டும் பகுதியின் ஒருங்கிணைப்பாளர்.

பெயருக்குத்தான் டைரக்டர், காரியத்தில் அது கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகள் ஸ்தானம். ஏன் என்று சொல்கிறேன். முன்பு 'ஃபாஸ்' என்று ஒரு பெரிய பயிற்சி ஸ்தாபனம் இருந்தது, 1988 முதல். வெல்டிங், மின்சார வேலை முதலிய தொழில்களைச் சொல்லிக் கொடுத்து வந்தது. செலவுக் கணக்கில் கண்டபடி விளையாடியது பத்திரிகைகளில் அம்பலமாகி, அதன் தலைவர் 2008-இல் விலக நேர்ந்தது. கடைசியில் ஸ்தாபனத்தையே கலைத்துவிட்டு, அதன் பயிற்சி நிலையங்களை 2014-இல் வாரியங்களிடம் ஒப்படைத்தார்கள். இந்தப் பக்கம் கல்லூரி ஆசிரியர்கள். அந்தப் பக்கம் பயிற்சி நிலைய போதகர்கள். இவர்களுக்கு நீண்ட கோடை விடுமுறை. அவர்களுக்கு அது கிடையாது. இவர்களுக்கு ஒரு சங்கம், அவர்களுக்கு வேறு சங்கம். போதாததற்கு, முன்பு தனித்தனியாக இருந்த ஜில்லாக்களையும் ஒரே வாரியத்தில் கட்டிவிட்டார்கள். மேயோ, ஸ்லைகோ, லீட்ரிம் என்ற மூன்று ஜில்லாவுக்கும் ஒரே வாரியம்! கால்பந்து ஆட்டத்தில் ஒருவரையொருவர் விரோதியாகப் பார்க்கும் ஜில்லாக்கள் அவை. இரண்டு அடுப்பை ஓர் அடுப்பாக்கியவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். எந்தப் பாத்திரம் எங்கே என்பதில் தொடங்கி, யார் உப்புப் போடுவது என்பது வரை தகராறு. அதைச் சத்தம் போடாமல் ஓட்டிக்கொண்டு போகத் தெரிந்தவர்கள் நல்ல டைரக்டர் என்று பெயர் எடுத்தார்கள்.

இந்த இரண்டு உத்தியோகங்களுக்கும் நடுவில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. வாரியம் ஒவ்வொன்றும் சோலாஸோடு ஒப்பந்தம் செய்து கொள்கிறது: இத்தனை பேரைப் படிக்க வைப்போம், இத்தனை பேரை வேலைக்கு அனுப்புவோம் என்று. பணம் கொடுப்பவர் கணக்குக் கேட்பது குற்றமல்ல. ஆனால் வருஷக் கடைசியில் இடங்கள் காலியாக இருக்கும்போது, பிரின்ஸிபாலின் கண் தானாக வழிகாட்டியின் அறைப்பக்கம் திரும்பும். "நாலு பேரை அனுப்புங்களேன்" என்று வாய் வரைக்கும் வந்துவிடும். அந்த 46 வயதுப் பெண்மணியை எழுத்தறிவு வகுப்புக்கு அனுப்பினால் இந்த வருஷக் கணக்கில் ஐந்தாம் படியில் ஒரு தலை குறைவு. நேரே ஐந்தாம் படியில் சேர்த்தால் ஒரு தலை அதிகம்; ஆனால் மூன்றாம் வாரம் அவள் வராமல் நின்றுவிடுவாள். இன்னும் இருபது வருஷத்துக்கு அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள். தன் மகளிடமும் சொல்வாள், "அதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று.

தலைமை நாற்காலியில் இருப்பவர், கணக்கு ஒன்று குறைந்தாலும் பாதகமில்லை என்று வழிகாட்டிக்குத் துணை நிற்பாரா, மாட்டாரா? தலைமை உத்தியோகத்தின் பரீட்சை இதுதான் என்பது என் அபிப்பிராயம். மேடைப் பேச்சும், வருஷ அறிக்கையில் போடும் வர்ணப்படமும் அதற்கு அப்புறம்தான். வழிகாட்டும் அறையில் சில வருஷம் உட்கார்ந்துவிட்டுப் பிற்பாடு மேலே போனவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும் என்பதால், அவர்கள் அதிகமாகத் தலைமைக்கு வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

முதலில் வெட்டு விழுவதும் அந்த அறைக்குத்தான். 2008-க்குப் பிறகு அயர்லாந்து கடனில் மூழ்கியது. எங்கெங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று தேடினார்கள். உயர்தரப் பள்ளிகளில் வழிகாட்டிக்கென்று தனியாக ஒதுக்கியிருந்த மணி நேரத்தை 2012 செப்டம்பர் முதல் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு வழிகாட்டுதல் கிடைக்கச் செய்வது பள்ளியின் கடமை என்று 1998-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. சட்டம் அப்படியே இருந்தது, ஆளைத்தான் காணோம். வழிகாட்டி ஆங்கில வகுப்புக்கும் கணக்கு வகுப்புக்கும் திரும்பிப் போனார். வீட்டில் தகப்பனார் வேலை இழந்து, தாயார் கண்ணீரும் கம்பலையுமாக இருந்த அதே வருஷங்களில், பிள்ளை போய்ப் பேச ஓர் அறை இல்லாமல் போயிற்று. மழை பெய்கிறபோது குடையைப் பிடுங்கியது போலத்தான். 2016 முதல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

முதியோர் கல்வியில் சொல்லிக் கொடுப்பவர்களின் கதையும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. மணிக்கணக்குக்குச் சம்பளம், கோடையில் வகுப்பு இல்லையென்றால் சம்பளமும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்று சொன்னால் உங்களுக்கு ஆச்சரியம் இராது. தொழிற்சங்கங்கள் பல வருஷம் வழக்காடிய பின், அண்மையில்தான் அவர்களுக்கென்று ஒழுங்கான பதவியும் சம்பள விகிதமும் வகுத்தார்கள். ஆகவே 'படியேறலாம்' என்று நான் மேலே எழுதியதைப் படித்துவிட்டு, ஏணி தங்கத்தால் செய்தது என்று எண்ணிவிட வேண்டாம். முதல் படி வெகு நாள் ஆடிக்கொண்டே இருந்தது.

காற்று இப்போது சற்றுத் திரும்பியிருக்கிறது. ஒரு வருஷப் படிப்புக்குக் கட்ட வேண்டியிருந்த 200 யூரோவை 2022-இல் எடுத்துவிட்டார்கள். 2023 முதல், புள்ளிக் கணக்குப் பார்க்காமல், பட்டப் படிப்பின் ஆரம்ப வருஷத்தைப் பக்கத்துக் கல்லூரியில் படித்துவிட்டு மீதியைப் பல்கலைக் கழகத்தில் முடிக்கும் வழியும் வந்திருக்கிறது. அந்த ஆகஸ்டு மாதக் காய்ச்சலுக்கு இது கைகண்ட மருந்தாகுமா என்பது போகப் போகத் தெரியும். ஒன்று நிச்சயம்: கதவுகள் பெருகப் பெருக, எந்தக் கதவு என்று கேட்டு வருகிறவர்களும் பெருகுவார்கள். வழிகாட்டியின் அறைக்கு வெளியே நாற்காலி போதாது.

இந்த உத்தியோகங்களுக்கு விளம்பரம் செய்துதான் ஆள் எடுக்கிறார்கள். வாரியங்கள் தாங்களே வெளியிடும். கல்லூரியில் சொல்லிக் கொடுக்க வேண்டுமானால் ஆசிரியர் கவுன்ஸிலில் பெயர் பதிந்திருக்க வேண்டும். 2013 முதல் அதற்குப் போதனைப் பயிற்சிப் பட்டமும் கேட்கிறார்கள். வழிகாட்டி வேலைக்கு மேலே சொன்ன மேற்படிப்பு. டைரக்டர் வேலைக்குப் படிப்போடு, ஆட்களையும் பணத்தையும் நிர்வகித்த அனுபவத்தைத் துருவித் துருவிக் கேட்பார்கள். "இரண்டு கோஷ்டிகளுக்குள் தகராறு வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? உதாரணத்தோடு சொல்லுங்கள்" என்கிற ரகக் கேள்விகள். குடும்பம் நடத்தியவர்களுக்கு உதாரணத்துக்கா பஞ்சம்!

வழிகாட்டி வேலை விளம்பரங்களில் கடைசி வரியில் ஒரு சின்ன நிபந்தனை அடிக்கடி இருக்கும்: கார் ஓட்டும் லைசென்ஸ் வேண்டும். டோனகால் போன்ற ஜில்லாவில் மலைக்கும் கடலுக்கும் நடுவில் சிதறிக் கிடக்கும் கிராமங்களுக்கு வாரம் ஒரு நாளாவது போய், நூல் நிலையத்தின் ஒரு மூலையிலோ சமூகக் கூடத்திலோ மேஜை போட்டு உட்கார வேண்டும். பட்டணத்து ஆபீஸுக்கு வரத் தயங்குகிறவர்கள் அங்கேதான் வருவார்கள். அதிலும் முதல் தடவை வரும்போது, கூட ஒரு சிநேகிதியை அழைத்துக்கொண்டு, "அவளுக்காகக் கேட்க வந்தேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.